ஓர் ‘அப்படியா’வும் ஆறு நண்பர்களும்

ஒரே பள்ளியில் பிளஸ் டூ முடித்த ஆறு பேர் நாங்கள். ஒருவன் வங்கியில் இருக்கிறான். ஒருவன் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறான். ஒருத்தி குழந்தை மருத்துவர். ஒருவன் சிங்கப்பூரில் கட்டட வேலைகளை மேற்பார்வையிடுகிறான். ஒருத்தி ஊரிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். ஆறாவது நான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெட்ரோல் விலை, தேர்தல், மின்சார ஸ்கூட்டர், செயற்கை நுண்ணறிவு எழுதும் கவிதை என்று எது வந்தாலும் அடிதடிதான். போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு சிட்டுக்குருவி வந்தது.

செல்போன் கோபுரக் கதிர்வீச்சால்தான் குருவி இனமே அழிகிறது என்றொரு ஃபார்வர்டை வங்கிக்காரன் தட்டிவிட்டிருந்தான். 2018இல் வந்த ‘2.0’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு புதிதல்ல. அக்‌ஷய் குமார் ஏற்ற பறவையியலாளர் வேடத்தின் கோபமே அதுதான். வாத்தியார் விடுவாரா? (வகுப்புத் தோழன்தான். ஆனால் பட்டப்பெயர் அப்படி அமைந்துவிட்டதால் மரியாதையும் கூடவே ஒட்டிக்கொண்டது.) அலைநீளம், ஆற்றல், அயனியாக்கம் என்று, கோபுர அலையால் குருவிக்கு ஒன்றும் ஆகாது எனப் பதினேழு வரி எழுதினார். முடிவில், “சினிமா பார்த்து இயற்பியல் படிக்காதே” என்று ஒரு குத்து. வங்கிக்காரன் ஒரே சொல்லில் பதில் போட்டான்: “அப்படியா”.

அதன்பின் இரண்டு நாள் குழுவில் ஒரு ‘காலை வணக்கம்’ பூ கூட மலரவில்லை.

அந்தச் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘யா’வைச் சற்று மேலே தூக்கினால் வியப்பு. சமமாக விட்டால் தகவலை வாங்கிக்கொண்டதற்கு அடையாளம். கீழே இறக்கி இழுத்தால் ‘உன் கதையை வேறு யாரிடமாவது சொல்’. எழுத்தில் மூன்றுக்கும் அதே ஐந்தெழுத்துதான். வங்கிக்காரன் முதல் வகையில் எழுதினான், வாத்தியார் மூன்றாம் வகையில் படித்தார். இது பின்னால் தெரியவந்தது. ஆனால் ஏன் இருவருக்குமே சந்தேகம் வரவில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. ‘இவன் வேறு அர்த்தத்தில் சொல்லியிருப்பானோ’ என்று ஒரு கணம்கூட ஏன் தோன்றவில்லை?

ஜஸ்டின் க்ரூகர், நிகோலஸ் எப்லி என்ற உளவியலாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. மாணவர்களிடம் சில வாக்கியங்களைக் கொடுத்தார்கள். சில நேரடியானவை, சில கிண்டல். பாதியைக் குரலில் பதிவு செய்து அனுப்பவேண்டும், பாதியை மின்னஞ்சலில். கேட்பவர் எது கிண்டல், எது நிஜம் என்று பிரிக்கவேண்டும். எத்தனை சதவீதம் சரியாகப் பிரிப்பார்கள் என்று அனுப்பியவர்களைக் கேட்டால், குரலோ எழுத்தோ, 78 என்றார்கள். குரலில் கிட்டத்தட்ட அப்படியே நடந்தது: 73. மின்னஞ்சலில் 56. காசைச் சுண்டிவிட்டு முடிவு செய்தாலே 50 வந்துவிடும். படித்தவர்களும் தாங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டோம் என்று நம்பிக்கையோடு இருந்தார்கள்.

காரணம் நம் மண்டைக்குள்ளேயே இருக்கிறது. எழுதும்போது நம் குரல் நமக்குக் கேட்கிறது. 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்டத்துக்குச் செய்த சோதனையில் இது பளிச்சென்று தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டை ஒருவர் மேசையில் விரலால் தட்டவேண்டும், எதிரில் இருப்பவர் கண்டுபிடிக்கவேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டியது 120 பாட்டு, கண்டுபிடிக்கப்பட்டது 3. வீட்டில் செய்து பாருங்கள். உங்களுக்குள் இளையராஜாவின் வயலின்கள் முழங்கிக்கொண்டிருக்கும், எதிரே இருப்பவருக்குக் கேட்பது ‘டொக் டொக்’. குழுவில் நாம் அனுப்புவதும் அந்த ‘டொக் டொக்’தான்.

இதைச் சரிக்கட்ட மனிதர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன், நகைச்சுவைக்கு முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துச் சிரிக்கும் முகமாகப் போடலாம் என்று யோசனை சொன்னார். அங்கே குழப்பத்துக்குக் காரணம் ஒரு கிண்டல். மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டதாக ஒருவர் வேடிக்கையாக எழுதியதைச் சிலர் நிஜமென்று எடுத்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் வேறொன்று செய்கிறார்கள்: “அப்படியாஆஆ”. தமிழ் இலக்கணத்தில் அதற்குப் பெயர் அளபெடை. புலவர்கள் ஓசை குறையாமலிருக்க உயிரெழுத்தை நீட்டினார்கள். இவர்களும் குரல் குறைந்த இடத்தில்தான் நீட்டுகிறார்கள். மொழியைக் கெடுக்கிறார்கள் என்று வாத்தியார் புலம்புவதை நான் ஏற்பதில்லை.

குரல் போனது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது நேரம் போனது.

டீக்கடை பெஞ்சில் இருவர் பேசும்போது ஒருவர் முடிக்க, அடுத்தவர் தொடங்க, நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறது? 2009இல் டான்யா ஸ்டைவர்ஸ் தலைமையில் ஒரு குழு ஜப்பானியம், டேனிஷ், கொரியன், லாவோ என்று பத்து மொழிகளில் இதை அளந்தது. சராசரி ஏறக்குறைய 200 மில்லி விநாடி. நம் இலக்கணம் கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்கிறது, கிட்டத்தட்ட அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், ஒரே ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே மூளைக்கு அரை விநாடிக்கு மேல் ஆகும். அப்படியானால் எதிராளி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். அவர் எங்கே நிறுத்துவார் என்பதையும் முன்கூட்டியே கணித்துவிடுகிறோம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஆமாம் போடும் பதில் சீக்கிரம் வருகிறது, மறுப்பு சற்றுத் தாமதிக்கிறது. “நாளைக்குக் கல்யாணத்துக்கு வர்றியா?” என்று கேட்டு அரை விநாடி மௌனம் விழுந்தாலே, வரமாட்டான் என்பது நமக்குத் தெரிந்துவிடும். தாமதத்துக்கு அர்த்தம் கற்பிக்கும் இந்தப் பழக்கத்தைத் தூக்கிக்கொண்டுதான் நாம் கைப்பேசிக்குள் நுழைந்தோம். 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் நீலக் குறி வந்தபிறகு ‘படித்துவிட்டான், பதில் போடவில்லை’ என்பதும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. எதிர்முனையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்திருக்கலாம். பேருந்தில் நடத்துனர் சில்லறை கேட்டிருக்கலாம். நம் மூளை அதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை, மௌனத்தை மறுப்பாகவே பதிவு செய்கிறது. அந்த இரண்டு நாளில் வங்கிக்காரன் ஆண்டுக் கணக்குத் தணிக்கையில் மூழ்கியிருந்தான். வாத்தியார் அதைக் கோபம் என்று கணக்கு வைத்துக்கொண்டார்.

‘ம்’ கொட்டுவதும் போயிற்று. பாட்டி கதை சொல்லும்போது ‘ம்’ நின்றால் “தூங்கிட்டியா?” என்று கேட்பாள். அது வெறும் வருகைப் பதிவேடு இல்லை. கனடாவில் ஜேனட் பவெலாஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட சோதனையில், சிலர் தாங்கள் மயிரிழையில் உயிர்தப்பிய கதையைச் சொன்னார்கள். கேட்பவர்கள் சிலருக்கு மட்டும் ரகசியமாக ஒரு வேலை கொடுக்கப்பட்டது: கதையில் ‘டி’ எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ணவேண்டும். எண்ணுவதில் இருந்தவர்கள் சரியான இடத்தில் ‘அய்யய்யோ’ சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை. விளைவு, கதை சொன்னவர்களே சொதப்பினார்கள், குறிப்பாக முடிவில். கேட்பவர் பாதிக் கதையைச் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தம். வாத்தியாரின் பதினேழு வரிக்கு நடுவே ஒரே ஒரு ‘ம்’ விழுந்திருந்தால் அது ஏழு வரியோடு நின்றிருக்கும், அந்தக் கடைசிக் குத்தும் வந்திருக்காது.

கூட்டமும் ஒரு சிக்கல். ராபின் டன்பர் என்ற ஆய்வாளரின் பெயரைக் கேட்டதும், ஒருவரால் சுமார் 150 பேரோடுதான் உறவு பேணமுடியும் என்ற அவருடைய கணக்குதான் பலருக்கு நினைவு வரும். அவரும் கூட்டாளிகளும் 1995இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று எனக்கு இன்னும் பிடிக்கும். உணவகங்களிலும் பொது இடங்களிலும் பேசிக்கொண்டிருக்கும் கூட்டங்களைக் கவனித்தார்கள். ஒரே பேச்சில் நிலைத்து நிற்பது சுமார் நாலு பேர்தான். ஐந்தாமவர் வந்தால் பேச்சு இரண்டாக உடைய ஆரம்பிக்கிறது. கல்யாணப் பந்தலில் பார்த்திருப்பீர்கள், யாரும் சொல்லாமலே நாற்காலிகள் திரும்பிக்கொள்ளும். எங்கள் குழுவில் நாற்காலியைத் திருப்ப வழியில்லை. இருவர் மோதினால் நாலு பேர் வேடிக்கை பார்த்தே ஆகவேண்டும். பார்க்க ஆள் இருந்தால் விட்டுக்கொடுப்பது கஷ்டம்.

இதுவரை சொன்னது ஊடகத்தின் குறை. எங்கள் குறையையும் சொல்லவேண்டும். ஆறு பேரில் குருவியைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்?

2002இல் யேல் பல்கலைக்கழகத்தின் லியோனிட் ரோசன்ப்ளிட்டும் ஃப்ராங்க் கீலும் ஆட்களைக் கூப்பிட்டு, ஜிப், தையல் இயந்திரம், கழிப்பறை ஃப்ளஷ் போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்பது எவ்வளவு தெரியும் என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். தாராளமாகப் போட்டார்கள். பிறகு, சரி, படிப்படியாக விளக்கி எழுதுங்கள் என்றார்கள். எழுதி முடித்தபின் அதே ஆட்கள் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். நான் இதை எங்கள் குழுவில் சோதித்தேன். ஜிப் எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்று கேட்டதற்கு இயற்பியல் வாத்தியார் உட்பட நாலு பேர் தடுமாறினார்கள். தையல் கடைக்காரி மட்டும், இரண்டு வரிசைப் பற்களையும் சாய்த்து ஒன்றுக்குள் ஒன்றை நுழைக்கும் அந்த ஓடியின் உள்வடிவத்தை ஒரு சீட்டில் வரைந்து படமெடுத்துப் போட்டாள்.

இணையத்தில் தேடினால் இந்த மயக்கம் கூடுகிறது. 2015இல் அதே யேலில் மேத்யூ ஃபிஷர் குழுவினர் காட்டியது: சில கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடியவர்கள், அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு விஷயங்களிலும் தங்களுக்கு நிறையத் தெரியும் என்று மதிப்பிட்டுக்கொண்டார்கள். கையில் இருக்கும் தேடுபெட்டியை மூளையின் ஓர் அறையாக எண்ணிவிடுகிறோம். விவாதத்தின் நடுவே எல்லாரும் தேடிக்கொண்டே பேசும் குழுவில் ஆறு பேரும் நிபுணராகிவிடுவது இப்படித்தான்.

இந்த இடத்தில், யாரிடமும் உண்மையைச் சொல்லிப் பயனில்லை, சொன்னால் இன்னும் முரண்டு பிடிப்பார்கள் என்று முடிக்கும் கட்டுரைகள் உண்டு. நானே பல வருடம் அப்படிப் பேசிவந்தேன். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது ப்ரெண்டன் நைஹனும் ஜேசன் ரைஃப்லரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு. திருத்தம் சொன்னபோது சிலர் தங்கள் தவறான நம்பிக்கையில் மேலும் உறுதியானதாக அதில் தெரிந்தது. பிறகு தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் என்ற இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் இதைத் தேடினார்கள். 2019இல் வந்த அந்த முடிவின்படி, முரண்டு பிடிக்கும் விளைவு கிட்டத்தட்ட அகப்படவே இல்லை. ஆதாரம் காட்டினால் பெரும்பாலோர் கொஞ்சமாவது நகர்கிறார்கள். ஆதாரத்தின் அளவுக்கு நகர்வதில்லை, எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்வதுமில்லை. ஆனால் நகர்கிறார்கள். எனக்கு இது ஆறுதலாக இருந்தது.

விவாதம் வீண் என்பாருக்கு ஒரு சீட்டு விளையாட்டு. மேசையில் நாலு சீட்டு: அ, க, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்கிறேன். நான் சொல்வது உண்மையா என்று பார்க்க எந்தச் சீட்டுகளைத் திருப்பியே ஆகவேண்டும்?

பெரும்பாலோர் ‘அ, 4’ என்பார்கள். சரியான விடை ‘அ, 7’. 4-க்குப் பின்னால் மெய்யோ உயிர்மெய்யோ இருந்தாலும் என் விதி உடையாது. 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் உடைந்துவிடும். பீட்டர் வேசன் 1966இல் கொண்டுவந்த இந்தப் புதிரின் மூலவடிவம் ஆங்கில எழுத்துகளில் இருந்தது. தனியாக உட்கார்ந்து போட்டால் பத்தில் ஒருவர்தான் தேறுவார். 1998இல் டேவிட் மோஷ்மனும் மோலி கீலும் ஐந்தாறு மாணவர்களை ஒன்றாக உட்காரவைத்து, பேசி முடிவெடுக்கச் சொன்னார்கள். குழுக்களில் நாலில் மூன்று தேறின. ஒருவர் “4-ஐ ஏன் திருப்பணும்?” என்று கேட்டுவிட்டால் போதும், மற்றவர்கள் பதில் சொல்லமுடியாமல் திணறி, வழிக்கு வந்துவிடுகிறார்கள்.

ஹ்யூகோ மெர்சியேவும் டான் ஸ்பெர்பரும் 2011இல் முன்வைத்து, 2017இல் நூலாக விரித்த கருத்து இங்கேதான் பொருந்துகிறது. பகுத்தறிவு என்பது தனியே மரத்தடியில் உட்கார்ந்து உண்மையைக் காண்பதற்காக வளர்ந்ததல்ல, பிறரிடம் வாதாடவும் பிறர் வாதத்தை எடைபோடவும் வளர்ந்தது என்கிறார்கள். அதனால்தான் சொந்த வாதத்தில் சோம்பேறியாகவும் அடுத்தவன் வாதத்தில் கறாராகவும் இருக்கிறோம். 2016இல் மெர்சியே உள்ளிட்ட ஒரு குழு செய்த குறும்பு இதற்குச் சாட்சி. ஒருவர் சற்றுமுன் தானே கொடுத்த காரணத்தை, இன்னொருவர் கொடுத்ததுபோல் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். ஏமாற்றைக் கவனிக்காதவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் காரணத்தைத் தாங்களே ‘இது சரியில்லை’ என்று தள்ளிவிட்டார்கள்.

நம் பக்கத்துத் தர்க்க மரபு இதைப் பழைய காலத்திலேயே பிரித்து வைத்திருந்தது. நியாய சூத்திரம் மூன்று வகை சொல்கிறது. உண்மையைத் தெரிந்துகொள்ளப் பேசுவது வாதம். ஜெயிக்கப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் வைக்காமல் எதிராளியை உடைப்பது மட்டும் விதண்டை. மூன்றில் கடைசிதான் ‘விதண்டாவாதம்’ என்று டீக்கடைவரை வந்து சேர்ந்தது. நடுவில் இருந்த சொல் காணாமல் போய்விட்டது, அதைச் செய்யும் ஆட்கள் மட்டும் நிறைய இருக்கிறார்கள்.

குருவிக்கு வருவோம். மூன்றாம் நாள் டாக்டரம்மா பொறுக்கமாட்டாமல் குழு அழைப்பைப் போட்டாள். நிகோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் மைக்கேல் கார்டஸும் 2017இல் வெளியிட்ட ஆய்வு அவளுக்குத் தெரிந்திருக்காது. எதிர்க்கருத்தைப் படிக்கும்போது சொன்னவரை அறிவில்லாதவராக நினைக்கும் போக்கு, அதே கருத்தை அவர் குரலில் கேட்கும்போது குறைகிறது என்பது அதன் முடிவு. வங்கிக்காரன் எடுத்ததுமே, “டேய் வாத்தி, நிஜமாத்தான்டா கேட்டேன், எனக்குத் தெரியாதுடா” என்றான். முப்பது விநாடியில் முடிந்துபோனது.

டாக்டரம்மா கேட்ட கேள்விதான் பேச்சைத் திருப்பியது. “குருவிக் குஞ்சு என்ன சாப்பிடும்?” பெரிய குருவி தானியம் கொத்தும். குஞ்சுக்கு முதல் நாட்களில் பூச்சியும் புழுவும் வேண்டும். ஓட்டு வீட்டின் இடுக்கு போய்க் கண்ணாடிச் சுவர் வந்த தெருவில் கூடு கட்ட இடமில்லை. பூச்சிக்கொல்லி தெளித்த தோட்டத்தில் புழு இல்லை. சிங்கப்பூர்க்காரன் தேதியைத் தேடினான். பிரிட்டனில் குருவிகள் சரியத் தொடங்கியது 1970களின் பின்பாதியில். அங்கே செல்போன் சேவை வந்தது 1985இல். அதற்கும் வெகு முன்பே, 1920களில் குதிரை வண்டிகள் மறைந்து, குதிரைக்குப் போட்ட தானியம் தெருவில் சிந்தாமல் போனபோதே நகரக் குருவிகள் குறைந்திருக்கின்றன. இந்தியாவைப் பொறுத்தவரை 2020இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது என்றது. தையல் கடைக்காரி சிரித்தாள். அவள் கடை வாசலிலேயே கோபுரம் இருக்கிறதாம், மீட்டர் பெட்டிக்குள் குருவிக் கூடும் இருக்கிறதாம்.

ஜெயித்த களிப்பில் வாத்தியார் தூங்கப்போனார். காலையில் வங்கிக்காரன் ஒரு கட்டுரையைப் போட்டிருந்தான். ஃபார்வர்ட் இல்லை, தானே தேடியது. 2014இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் மரக் கூண்டறைக்குள் விட்ட ராபின் பறவைகளுக்கு, வலசைக் காலத்தில் பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை காண முடியவில்லை. அறையைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து மண்ணோடு இணைத்ததும் திசை திரும்பக் கிடைத்தது. பறவைகளைக் குழப்பியது மின்சாதனங்களும் ஏஎம் வானொலியும் கிளப்பும் மின்காந்த இரைச்சல், 50 கிலோஹெர்ட்ஸிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ்வரை. அயனியாக்கம் இல்லை, சூடேற்றம் இல்லை, ஆனாலும் உயிரினத்தின்மேல் விளைவு இருக்கிறது. வாத்தியாரின் பதினேழு வரியில் இதற்கு இடமே இல்லை.

செல்போன் அலைகள் பல நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பவை. சிட்டுக்குருவி வலசை போகாத பறவை. இரண்டையும் டாக்டரம்மா உடனே சுட்டிக்காட்டினாள். “அப்போ சின்ன வயசுல நாம கேட்ட இலங்கை வானொலிதான் குற்றவாளியா?” என்று தையல் கடைக்காரி கேட்டாள். சிங்கப்பூர்க்காரன் சிரிப்பு முகம் மூன்று போட்டான்.

வாத்தியார் தட்டச்சு செய்துகொண்டிருப்பதாகப் பதினைந்து நிமிடம் காட்டிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. பிறகு மறுபடி காட்டியது.